கடலில் மறைந்த விமானிகள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மலேசியாவின் சுங்கை பட்டாணியில் இருந்த விமானத்தளம் பற்றி வந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, அந்தப் போரில் இறந்த விமானிகளில் கணிசமானவர்கள் எதிரியின் குண்டுக்கு இரையாகாமல் விபத்துகளில் இறந்தார்கள் என்றும், கடலில் விழுந்தவர்களில் பலருடைய உடல் மீளவே இல்லை என்றும் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழில் இப்பக்கங்கள் முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தாத்தா பால் மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் குண்டு போட்ட நாளைப் பற்றி அவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இங்கிருந்து பறந்தவர்கள் யார்? கடலுக்கும் எங்கள் ஊருக்கும் என்ன தொடர்பு?
– வாசகர், சுங்கை பட்டாணி

பதில்: 1941 டிசம்பரில் தங்கள் ஊர்த் தளத்தில் இரண்டு விமானப் பிரிவுகள் இருந்தன. ஒன்று, பஃபலோ என்ற ஒற்றை இயந்திரச் சண்டை விமானங்களை வைத்திருந்த ஆஸ்திரேலிய விமானப்படையின் 21-ஆம் பிரிவு. மற்றொன்று, பிளென்ஹைம் என்ற இரட்டை இயந்திர விமானங்களை வைத்திருந்த பிரிட்டிஷ் விமானப்படையின் 27-ஆம் பிரிவு. டிசம்பர் 8-ஆம் தேதி அதிகாலையில் ஜப்பானியர் கிழக்குக் கரையிலுள்ள கோத்தா பாருவில் தரையிறங்கிய செய்தி கிடைத்ததும், பிளென்ஹைம் விமானங்கள் அவர்களைத் தாக்கப் புறப்பட்டன. ஆனால் நடுமலையைத் தாண்டும் வழியில் அடைமழை கண்ணை மறைத்துவிட, இலக்கைக் காணாமலேயே திரும்பின. அன்று காலையிலேயே சுங்கை பட்டாணி குண்டுவீச்சுக்கு உள்ளானது. எஞ்சிய விமானங்கள் பட்டர்வொர்த்துக்கு விலகிச் சென்றன. தங்கள் தாத்தா சொன்ன நாள் அதுவாகவே இருக்க வேண்டும்.

கடலோடு தொடர்பு என்ன என்று கேட்கிறீர்கள். தளத்திலிருந்து மேற்கே பறந்தால் சில நிமிடங்களில் மெர்போக் முகத்துவாரம், அதற்கப்பால் மலாக்கா நீரிணை. வடக்கிலிருந்தோ கடலிலிருந்தோ திரும்பும் விமானிக்கு, சமவெளியிலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் தனித்து எழும் ஜெராய் மலையைப்போல் நல்ல அடையாளம் இவ்வட்டாரத்தில் வேறில்லை. கடாரத்துக்கு வந்த பழங்காலக் கப்பல்களுக்கு வழிகாட்டிய மலையும் இதுவே என்பதைத் தாங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆனால் மேகம் இறங்கி மலையை மூடிவிட்டால், அடையாளமாக இருந்ததே ஆபத்தாகிவிடும். மலையில் மோதிவிடுவோமோ என்று அஞ்சிக் கடல் பக்கம் விலகும் விமானிக்கு அங்கே பார்த்துப் பறக்க ஒன்றுமே இருக்காது.

இந்த வட்டாரத்து விமானிகளில் அனைவரும் அறிந்த பெயர் ஆர்தர் ஸ்கார்ஃப். டிசம்பர் 9-ஆம் தேதி பட்டர்வொர்த்தில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது, தம் பிரிவிலிருந்து ஒற்றை விமானமாக எழும்பி, தாய்லாந்திலுள்ள சிங்கோரா தளத்தைத் தாக்கிவிட்டு, கடும் காயத்தோடு அலோர் ஸ்டார் அருகே விமானத்தை இறக்கிய பின்னர் இறந்தவர் அவர். உடனிருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். 1946-இல் அவருக்குப் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. தைப்பிங் போர்க் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு ஒரு கல் இருக்கிறது. பூ வைக்க ஓர் இடம் இருக்கிறது. கடலில் விழுந்தவர்களுக்கு அதுவும் இல்லை என்பதுதான் இந்த இதழின் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் அடிப்படை.

கேள்வி: பயிற்சி பெற்ற விமானி, எதிரியே இல்லாதபோது, எப்படிக் கடலில் விழ முடியும்? கவனக்குறைவு என்று சொல்லிவிடலாமா?
– வாசகி, பீடோங்

பதில்: சொல்லிவிடக் கூடாது. அப்படிச் சொல்வது பெரும்பாலும் உண்மைக்கும் புறம்பானது, இறந்தவருக்கும் அநீதி.

முதலில் இந்த விபத்துகளின் அளவைப் பார்ப்போம். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் போர்க்காலம் முழுவதும் இறந்தவர்கள் 55,573 பேர். அவர்களில் 8,000-க்கும் மேற்பட்டோர் எதிரியால் அல்லாமல் விபத்துகளில் இறந்தவர்கள். அமெரிக்காவிலோ, போர்முனையைக் காணாமல் சொந்த நாட்டுக்குள்ளேயே நடந்த பயிற்சிகளிலும் பயணங்களிலும் ஏறத்தாழ 15,000 விமானப்படையினர் மாண்டார்கள். இத்தனை பேரும் கவனமற்றவர்கள் என்று யாரும் வாதிட முடியாது. பத்தொன்பது, இருபது வயது இளைஞர்களை அவசர அவசரமாகப் பயிற்றுவித்து, அவர்கள் முன்பின் அறியாத வானத்தில் புதுப்புது இயந்திரங்களைக் கையில் கொடுத்து அனுப்பிய காலம் அது.

கடலின் மேல் பறப்பதில் மனித உடலே விமானியை ஏமாற்றிவிடும். நாம் நிமிர்ந்திருக்கிறோமா, சாய்ந்திருக்கிறோமா என்பதை உட்காதிலுள்ள மூன்று அரைவட்டக் குழல்களும் அவற்றுக்குள் இருக்கும் திரவமும் உணர்த்துகின்றன. ஒரு செம்பில் நீரை வைத்து மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருந்தால், முதலில் பின்தங்கும் நீர் சற்று நேரத்தில் செம்போடு சேர்ந்தே சுழலத் தொடங்கிவிடும் அல்லவா? காதுக்குள்ளும் அதுவே நடக்கிறது. விமானம் ஒரே சீராக ஏறத்தாழ இருபது விநாடி வளைந்தால், வளைகிறோம் என்ற உணர்வே அற்றுப்போகிறது. பிறகு நேராக்கினால், எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது. தரையின் மேல் பறக்கும்போது சாலையும் மரமும் வீடும் கண்ணில் பட்டு, காதின் பொய்யைக் கண் திருத்திவிடும். மூடுபனியிலோ இருண்ட இரவிலோ கடலின் மேல் அவ்வாறு திருத்துவதற்கு எதுவுமில்லை. கடலும் வானும் ஒரே நிறமாகி, தொடுவானக் கோடு மறைந்துவிடுகிறது. நம் நீரிணையில் மீன்பிடிப் படகுகளின் விளக்குகளை விண்மீன்கள் என்று எண்ணிக்கொண்டால், தலைகீழாகும் வரை விமானிக்குத் தெரியாமலே போகலாம். கருவிகளை மட்டும் நம்பு, உன் உடலை நம்பாதே என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் உடல் முழுவதும் ஒன்றைச் சொல்ல, ஒரு சிறிய முள் வேறொன்றைச் சொல்லும்போது, அந்த முள்ளை நம்புவதற்கு நீண்ட அனுபவம் வேண்டும். அந்த அனுபவம் சேரும் முன்பே பலர் இறந்துவிட்டார்கள்.

அடுத்தது வழி தவறுதல். இன்றைய செயற்கைக்கோள் வழிகாட்டி அன்று கிடையாது. எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், எத்தனை நிமிடம் பறந்தோம் என்று கணக்கிட்டு, காற்று எவ்வளவு தள்ளியிருக்கும் என்று மதிப்பிட்டு, வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். பக்கவாட்டிலிருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றைக் கணக்கில் எடுக்கத் தவறினால், இரண்டு மணி நேரத்தில் 60 கிலோமீட்டர் விலகிவிடுவோம். தரையின் மேல் என்றால் ஓர் ஆற்றையோ இரயில் பாதையையோ கண்டு பிழையைத் திருத்திக்கொள்ளலாம். கடலில் ஓர் அலைக்கும் மற்றோர் அலைக்கும் வேறுபாடு இல்லை. ஒற்றை இருக்கை விமானத்தில் இத்தனையையும், விமானத்தை ஓட்டிக்கொண்டே, முழங்கால்மேல் வரைபடத்தை விரித்து, ஒரே ஆள் செய்ய வேண்டும். கணக்கு தவறியது புரியும் வேளையில் பெட்ரோல் தீர்ந்திருக்கும்.

வானிலை பற்றித் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன்னும் விடிந்த பின்னும், சுமத்ரா பக்கத்திலிருந்து நீரிணையைக் கடந்து ஒரு சுவர்போல் வரும் மழைக்காற்றைக் கரையோரத்தில் வாழ்கிறவர்கள் நன்கு அறிவார்கள். அந்த இடிமேகத்துக்குள் புகும் சிறு விமானத்தை ஒரு கணம் மேலே உறிஞ்சும் காற்று, மறுகணமே கீழே அறைந்து தள்ளிவிடும்.

இவற்றோடு இயந்திரக் கோளாறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஃபலோ விமானங்களின் இயந்திரங்கள் நம் வெப்பத்தில் அளவுக்கு மீறிச் சூடேறித் தொல்லை கொடுத்தன. ஒற்றை இயந்திரம் கரையிலிருந்து தொலைவில் நின்றுவிட்டால் விமானிக்கு எஞ்சியிருப்பவை சில நிமிடங்களே.

கேள்வி: விமானம் தண்ணீரில் மிதக்காதா? விமானி நீந்தித் தப்பிக்க முடியாதா?
– படிவம் ஐந்து மாணவர், கூலிம்

பதில்: தம்பி, நல்ல கேள்வி. இதற்குப் பதில் விமானத்தின் அமைப்பைப் பொறுத்தது. படகு போன்ற அடிப்பகுதியுள்ள கடல் விமானங்கள் அன்றும் இருந்தன. அவை நீரில் இறங்குவதற்கென்றே செய்யப்பட்டவை. சக்கரம் வைத்த விமானம் அப்படியன்று. வேகமாக மோதும் பொருளுக்குத் தண்ணீர் ஏறக்குறைய கெட்டித்தரைதான். ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போன்ற சண்டை விமானங்களின் அடியில் இயந்திரத்தைக் குளிர்விக்கும் பெட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீரைத் தொட்டதும் அது வாரிக்கொள்ள, மூக்கு கீழே குத்தி, விமானம் சில நொடிகளில் மூழ்கிவிடும். ஆகவேதான் கடலில் இறங்க முயலாமல், போதிய உயரம் இருக்கும்போதே வானக்குடையோடு குதித்துவிடும்படி அவ்விமானிகளுக்கு அறிவுரை கூறப்பட்டது.

பிரெண்டன் ஃபினுகேன் என்ற அயர்லாந்து விமானியின் முடிவு இதற்குச் சான்று. விங் கமாண்டர் என்ற உயர்பதவியை 21 வயதிலேயே எட்டிய அவர், 1942 ஜூலை 15-ஆம் தேதி பிரான்சின் கரையைத் தாண்டும்போது, தரையிலிருந்து சுட்ட ஒரு துப்பாக்கியின் குண்டு அந்தக் குளிர்விக்கும் பெட்டியில் பட்டது. இயந்திரம் சூடேறி நின்றது. குதிப்பதற்கு உயரம் போதவில்லை. அமைதியாக, முறைப்படி, தம் ஸ்பிட்ஃபயரைக் கடலில் இறக்கினார். அது நீரைத் தொட்ட மாத்திரத்தில் மூழ்கியது. அவர் உடல் கிடைக்கவில்லை. அது எதிரியால் நேர்ந்தது, விபத்து அன்று. ஆனால் ஆற்றல் மிகுந்த ஒருவராலும் கடலில் பத்திரமாக இறங்க முடியவில்லை என்பதை அறிய இதைவிடத் தெளிவான நிகழ்ச்சி எனக்குத் தெரியாது.

கடல் அமைதியாக இருந்தால் இறங்குவது எளிது என்று நினைப்பாய். மாறாக, கண்ணாடிபோல் சலனமற்ற நீரின்மேல் உயரத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது. இன்னும் இருபது மீட்டர் இருக்கிறது என்று எண்ணும்போதே நீர் வந்து மோதிவிடும். சிற்றலைகள் இருந்தால்தான் உயரம் தெரியும்.

நீந்துவதைப் பற்றி: விமானிகள் காற்றடைத்த மிதவைச் சட்டை அணிந்திருந்தார்கள், போரின் பிற்பகுதியில் ஒற்றை இருக்கை விமானிகளுக்கு, அமரும் இடத்திலேயே மடித்து வைத்த சிறு இரப்பர்ப் படகும் கொடுக்கப்பட்டது. உயிரைக் காப்பதில் நீரின் வெப்பநிலைக்குப் பெரும் பங்குண்டு. ஐரோப்பாவின் குளிர்காலக் கடலில் ஒரு மனிதர் சில நிமிடங்களில் கை கால் விறைத்துப்போய்ச் செயலிழந்துவிடுவார். நம் கடல் வெதுவெதுப்பானது. குளிர் அவ்வளவு விரைவில் கொல்லாது. ஆனால் குடிநீர் இல்லாமை, வெயில், நீரோட்டம் ஆகியவற்றோடு, எங்கே விழுந்தார் என்று யாருக்கும் தெரியாமற் போவதும் சேர்ந்துகொள்ளும். தேடுபவர்களுக்கு இடம் தெரிந்திருந்தால்தான் மிதவைச் சட்டைக்கும் படகுக்கும் பயன் உண்டு.

கேள்வி: பெண் விமானிகள் யாரேனும் இவ்வாறு மறைந்திருக்கிறார்களா?
– வாசகி, சுங்கை பட்டாணி

பதில்: இருவரைப் பற்றிச் சொல்கிறேன். இருவருமே படையணிகளின் விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்தும் தளத்திலிருந்தும் கொண்டுசேர்க்கும் பணியில் இருந்தவர்கள். எதிரியைச் சந்திக்காத பணி என்பதால் எளிதான பணி என்று எண்ணிவிடாதீர்கள். இன்று ஒரு வகை, நாளை வேறு வகை என, முன்பின் பழகாத விமானங்களைத் தனியே ஓட்டிச் செல்ல வேண்டியிருந்தது.

முதலாமவர் எமி ஜான்சன். 1930-இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதல் பெண் என்று உலகப் புகழ் பெற்றவர். போர் தொடங்கியதும், விமானங்களைக் கொண்டுசேர்க்கும் துணைச் சேவையில் சேர்ந்தார். 1941 ஜனவரி 5-ஆம் தேதி, ஆக்ஸ்ஃபோர்டு என்ற இரட்டை இயந்திரப் பயிற்சி விமானத்தை பிளாக்பூலிலிருந்து கிட்லிங்டன் தளத்துக்கு எடுத்துச் சென்றார். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய பயணம் அது. பல மணி நேரம் கழித்து, செல்ல வேண்டிய இடத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், தேம்ஸ் முகத்துவாரத்தில் ஒரு வானக்குடை இறங்குவதை ஹேஸில்மியர் என்ற கடற்படைக் கப்பலில் இருந்தவர்கள் கண்டார்கள். மேகத்துக்கு மேலே வழி தவறி, இறங்குவதற்கு ஓர் இடைவெளி தேடியே எரிபொருள் முழுவதையும் செலவழித்திருப்பார் என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். வேறு கருத்துகளும் உண்டு. அந்தக் கப்பலின் தலைவர் வால்டர் ஃபிளெட்சர், பனி பெய்துகொண்டிருந்த அந்தக் கடலில் தாமே குதித்துக் காப்பாற்ற முயன்றார். குளிரில் உணர்விழந்து, பின்னர் அவரும் இறந்தார். எமி ஜான்சனின் உடல் கிடைக்கவே இல்லை. எனக்கு இந்த நிகழ்ச்சியில் அவரைவிடவும் ஃபிளெட்சரையே அடிக்கடி நினைக்கத் தோன்றுகிறது. விழுந்தவர் யார் என்று அறியாமல், ஓர் உயிர் என்று மட்டுமே கண்டு குதித்தவர் அவர்.

இரண்டாமவர் அமெரிக்கப் பெண் விமானியர் படையைச் சேர்ந்த கெர்ட்ரூட் டாம்ப்கின்ஸ். 1944 அக்டோபர் 26-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஒரு புத்தம் புதிய மஸ்டாங் சண்டை விமானத்தோடு புறப்பட்டார், போய்ச்சேரவில்லை. ஏட்டில் நேர்ந்த குளறுபடியால் அவர் வரவில்லை என்பதே சில நாள்கள் கழித்துத்தான் தெரியவந்தது. ஓடுதளத்தை அடுத்துள்ள சாண்டா மோனிகா விரிகுடாவில் விழுந்திருக்க வேண்டும் என்று கருதி, பிற்காலத்திலும் பலமுறை தேடினார்கள், கிடைக்கவில்லை. அந்தப் படையில் பணியின்போது இறந்த 38 பெண்களில், உடல் கிடைக்காதவர் அவர் ஒருவரே. அவர்கள் படைவீரர்கள் அல்லர், அரசாங்க ஊழியர்களே என்று கருதப்பட்டதால், இறந்தவர்களின் உடலை வீட்டுக்கு அனுப்பும் செலவுக்குத் தோழியரே பணம் திரட்ட வேண்டியிருந்தது. முன்னாள் படையினர் என்ற தகுதி அவர்களுக்கு 1977-இல்தான் சட்டப்படி கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலான அந்தத் தாமதத்துக்கு எந்த நியாயமும் எனக்குத் தென்படவில்லை.

கேள்வி: பெர்முடா முக்கோணத்தில் ஐந்து போர் விமானங்கள் மாயமானது உண்மையா?
– வாசகர், கூலிம்

பதில்: ஐந்து விமானங்கள் திரும்பவில்லை என்பது உண்மை, மாயம் என்பது கட்டுக்கதை. போர் முடிந்த சில மாதங்களில், 1945 டிசம்பர் 5-ஆம் தேதி, ஃபுளோரிடாவிலிருந்து பயிற்சிக்குப் புறப்பட்ட அந்த ஐந்து அமெரிக்கக் கடற்படை விமானங்களில் 14 பேர் இருந்தார்கள். தலைமை விமானி தம் திசைகாட்டிகள் பழுதாகிவிட்டன என்றும், தாம் இருக்கும் இடம் உறுதியாகத் தெரியவில்லை என்றும் வானொலியில் சொன்னது பதிவாகியிருக்கிறது. இருட்டியது, வானிலை கெட்டது, எரிபொருள் தீர்ந்தது. தேடப் போன ஒரு கடல் விமானமும் 13 பேருடன் மறைந்தது; அந்நேரத்தில் வானில் தீப்பிழம்பு ஒன்றைக் கண்டதாக ஒரு கப்பல் தெரிவித்தது. பீடோங் வாசகிக்கு எழுதிய பதிலில் உள்ள காரணங்களே இங்கும் போதும். 27 குடும்பங்களின் துயரத்தைப் பேய்க்கதையாக்குவதை நான் விரும்பவில்லை.

கேள்வி: உடல் கிடைக்காதபோது குடும்பத்துக்கு என்ன சொல்வார்கள்? எத்தனை காலம் காத்திருக்க வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை பட்டாணி

பதில்: முதலில் ஒரு தந்தி வரும்: காணவில்லை. அதன்பின் பிரிவுத் தலைவரிடமிருந்து ஒரு கடிதம் வரும். எதிரியின் கையில் கைதியாக இருக்கலாம், எங்கோ கரையேறியிருக்கலாம் என்ற நம்பிக்கைக்கு இடம் வைத்து, ஏறத்தாழ ஆறு மாதம் வரை காத்திருப்பார்கள். எந்தத் தகவலும் வராவிட்டால், இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று அதிகாரபூர்வமாக அறிவிப்பார்கள். அதன் பிறகுதான் ஓய்வூதியமும் சொத்தும் முறைப்படுத்தப்படும். அந்த ஆறு மாதமும் ஒரு மனைவி தாம் மனைவியா கைம்பெண்ணா என்று அறியாமல் இருக்க வேண்டும்.

போர் முடிந்தபின் பிரிட்டிஷ் விமானப்படை, காணாமற்போனவர்களைத் தேடுவதற்கென்றே ஒரு தனிச் சேவையை நடத்தியது. பட்டியலில் 41,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அதன் அதிகாரிகள் ஊர் ஊராகச் சென்று விவசாயிகளையும் பாதிரியார்களையும் விசாரித்தார்கள். பெயரில்லாத கல்லறைகளைத் திறந்து, பற்களையும் துணியில் தைத்த சலவைக் குறியையும் மோதிரத்தையும் கொண்டு அடையாளம் கண்டார்கள். 1940-களின் இறுதிக்குள் சுமார் 24,000 பேரின் கல்லறைகள் உறுதியாயின. 9,000-க்கும் மேற்பட்டோர் கடலில் மறைந்தவர்கள் என்று முறைப்படி பதிவு செய்யப்பட்டார்கள். தரையில் விழுந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். கடலில் விழுந்தவருக்கு அந்தச் சேவையால் செய்ய முடிந்தது, இவர் கடலில்தான் இருக்கிறார், வேறெங்கும் தேட வேண்டாம் என்று குடும்பத்துக்கு எழுதுவது ஒன்றே. ஆறுதலற்ற கடிதம்தான். இருந்தும், வாசலையே பார்த்துக்கொண்டிருந்த பெற்றோருக்கு அந்தக் கடிதம் தேவைப்பட்டது என்றே நம்புகிறேன்.

கேள்வி: விபத்தில் இறந்தவர்களின் பெயரையும் போர் நினைவுச் சின்னத்தில் பொறிப்பார்களா? அது போரில் சண்டையிட்டு இறந்தவர்களுக்கு மட்டும் உரியதல்லவா?
– வாசகர், பீடோங்

பதில்: பொறிப்பார்கள், பொறிக்கத்தான் வேண்டும். 1917-இல் நிறுவப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் சில கொள்கைகளைக் கொண்டிருக்கிறது. இறந்த ஒவ்வொருவருடைய பெயரும், கல்லறை இருந்தால் அதன் கல்லிலும், இல்லாவிட்டால் ஒரு நினைவுச் சின்னத்திலும் பொறிக்கப்பட வேண்டும். பதவி, இனம், சமயம் ஆகியவற்றால் வேறுபாடு கூடாது. இரண்டாம் உலகப் போரைப் பொறுத்தவரை, 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை படைப்பணியில் இருக்கும்போது இறந்த எவருக்கும் இது பொருந்தும். இறப்பின் காரணம் கேட்கப்படுவதில்லை. காய்ச்சலில் இறந்தவரும், பயிற்சியில் கடலில் விழுந்தவரும், குண்டடி பட்டவரும் ஒரே தகுதி உடையவர்களே.

இங்கிலாந்தின் ரன்னிமீட் என்ற இடத்தில், தேம்ஸ் ஆற்றைப் பார்த்து நிற்கும் விமானப்படை நினைவுச் சின்னத்தில், கல்லறையற்ற 20,000-க்கும் மேற்பட்ட விமானப் படையினரின் பெயர்கள் இருக்கின்றன. 1953-இல் எலிசபெத் அரசியார் திறந்துவைத்தார். சண்டைப் படையினரும் குண்டுவீச்சுப் படையினரும் மட்டுமல்லாமல், பயிற்சிப் பிரிவுகளில் இருந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். ஃபினுகேனின் பெயரும் எமி ஜான்சனின் பெயரும் அங்குதான்.

நமக்கு அருகில் இருப்பது சிங்கப்பூரின் கிராஞ்சி. அங்கே 1957-இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தில், கல்லறையற்ற 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. தெற்காசியா, கிழக்காசியா முழுவதிலும் அவற்றைச் சூழ்ந்த கடல்களிலும் மறைந்த விமானிகள் அவர்களுள் அடக்கம். விமானத்தின் இறக்கையைப் போலவே அதன் கூரை அமைந்திருக்கிறது. மலாயாவில் போரிட்டு மாண்ட இந்தியப் படையினர் ஆயிரக்கணக்கானோரின் பெயர்களையும் அங்கே காணலாம். தீயில் எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கு, அவர்கள் சமய முறையை மதித்து, அதே வளாகத்தில் தனி நினைவுச் சின்னம் உண்டு.

சண்டையில் இறப்பது உயர்வு, விபத்தில் இறப்பது தாழ்வு என்று நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. எதிரி சுட்டதால் கடலில் விழுந்தவரும், இயந்திரம் நின்றதால் விழுந்தவரும் ஒரே கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, ஒரே தளத்திலிருந்து எழும்பியவர்கள். போர் இல்லாதிருந்தால் இருவரில் எவரும் அந்தக் கடலுக்கு மேலே இருந்திருக்கமாட்டார்.

கேள்வி: அப்படியானால் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட நம் தோட்டத்து மக்களின் பெயர் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது?
– வாசகர், கூலிம்

பதில்: இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் அமைத்த அந்தப் பாதையில் வேலை செய்யக் கொண்டுபோகப்பட்ட அவர்கள் சீருடை அணிந்தவர்கள் அல்லர். ஆகவே மேலே சொன்ன ஆணையத்தின் பொறுப்பில் வரவில்லை. கைதிகளாக இருந்த படைவீரர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது. உடனிருந்த அதிகாரிகள் மறைத்து வைத்தாவது அதைக் காத்தார்கள். தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றப்பட்ட பல்லாயிரக்கணக்கான தமிழர்களுக்கு அப்படியொரு பட்டியலைக் காத்தவர் இல்லை. கடலில் விழுந்த விமானிக்கு உடல் இல்லை, பெயர் இருக்கிறது. இவர்களுக்கு இரண்டும் இல்லை. தங்கள் லயத்தில் யார் யார் போய்த் திரும்பவில்லை என்பதை அறிந்த முதியவர்கள் இன்னும் சிலரேனும் இருந்தால், பெயர், தோட்டம், உறவு ஆகியவற்றை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். கிடைத்த பெயர்கள் அனைத்தையும் இவ்விதழில் வெளியிடுவோம்.

கேள்வி: என் பாட்டியின் தமையனார் சென்னையில் விமானப்படையில் சேர்ந்தவர். கடலில் விழுந்து இறந்தார் என்று மட்டும் குடும்பத்தில் சொல்வார்கள். மேலும் அறிய வழி உண்டா?
– வாசகி, சுங்கை பட்டாணி

பதில்: உண்டு. அம்மா, தாங்கள் சொல்வது நடந்திருக்கக்கூடியதே. போர் தொடங்கியதும் சென்னை, கொச்சி, மும்பை, கல்கத்தா, கராச்சி ஆகிய துறைமுகங்களைக் காப்பதற்கு இந்திய விமானப்படையின் தொண்டர்களைக் கொண்டு கடலோரப் பாதுகாப்புப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. வாப்பிட்டி என்ற, இரட்டைத் தட்டு இறக்கைகளும் ஒற்றை இயந்திரமும் கொண்ட பழைய விமானங்களில் அவர்கள் கப்பல்களுக்குக் காவலாகக் கடலின் மேல் பறந்தார்கள். அவ்விமானத்தின் சக்கரங்கள் மடங்காதவை. நீரில் இறங்கினால் அவையே தடுக்கி விமானம் குப்புறக் கவிழும்.

முதல் வேலையாக, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பக்கத்தில் பெயரைத் தேடுங்கள்; கட்டணம் இல்லை. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதில் பல முறைகள் உண்டு என்பதால், எல்லா எழுத்துமுறைகளிலும் தேட வேண்டும். தந்தையின் பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கலாம்; அதையும் தனியே போட்டுப் பாருங்கள். இந்தியப் படையினரின் பதிவுகள் பலவற்றில் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் கூடுதல் குறிப்பாக இருக்கும்; உறவினரை உறுதிப்படுத்த அதுவே துணை. பெயர் கிடைத்துவிட்டால், எந்த நினைவுச் சின்னத்தில், எத்தனையாவது தூணில் என்பதும் அங்கேயே தெரியும். படை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற ஆவணங்களுக்கெல்லாம் அந்த எண்தான் திறவுகோல்.

பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்திருந்தால், லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உயிரிழப்புக் கோப்புகள் இருக்கின்றன. கட்டம் கட்டமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. விபத்து என்றால், விமானத்தின் எண், இடம், கருதப்பட்ட காரணம் ஆகியவற்றைச் சுருக்கமாகக் குறித்த விபத்து அட்டைகள் லண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆஸ்திரேலியர்களின் உயிரிழப்புக் கோப்புகளில் மிகப் பல அந்நாட்டுத் தேசியக் காப்பகத்தின் இணையப் பக்கத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. வீட்டில் பழைய தந்தியோ, பதக்கமோ, சீருடையில் எடுத்த படமோ இருந்தால் இருபக்கமும் படமெடுத்து வையுங்கள். மார்பில் தைத்த சின்னத்தைக் கொண்டே அவர் விமானியா, வழிகாட்டியா, துப்பாக்கியாளரா என்று சொல்லிவிட முடியும்.

கேள்வி: மீன் பிடிக்கும்போது வலையில் விமானத்தின் துண்டு சிக்கினால் என்ன செய்வது? என் மைத்துனர் மெர்போக் பக்கம் கடலுக்குப் போகிறவர்.
– வாசகர், சுங்கை பட்டாணி

பதில்: கடலடியில் உள்ள விமானங்களில் சில மீனவர் வலையில்தான் முதலில் தென்படுகின்றன. பிரெஞ்சு எழுத்தாளரும் விமானியுமான அந்துவான் தெ செயின்ட் எக்ஸுபெரி, 1944 ஜூலை 31-ஆம் தேதி கார்சிகா தீவிலிருந்து உளவுப் பறப்புக்குச் சென்று திரும்பவில்லை. 54 ஆண்டுகளுக்குப் பின், 1998-இல் மார்சேய் அருகே ஒரு மீனவரின் வலையில் அவர் பெயர் பொறித்த வெள்ளிக் கைச்சங்கிலி சிக்கியது. அதைத் தொடர்ந்த தேடலில் கிடைத்த விமானத்தின் எண், அது அவர் ஓட்டியதே என்பதை 2004-இல் உறுதிப்படுத்தியது. அந்த மீனவர் அதைக் கடலில் எறிந்திருந்தால், இன்றும் நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

ஆகவே தங்கள் மைத்துனரிடம் சொல்லுங்கள்: பெரிய துண்டாக இருந்தால் இழுத்து உடைக்க வேண்டாம், வெடிக்காத குண்டும் தோட்டாவும் இன்னும் உயிரோடு இருக்கலாம். வலை சிக்கிய இடத்தைக் கருவியிலோ, கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் வைத்தோ குறித்துக்கொள்ள வேண்டும். எண் எழுதிய தகடு எதுவும் வந்தால், தேய்த்துத் துலக்காமல், கடல்நீரிலேயே ஒரு வாளியில் போட்டு வைத்து, படமெடுக்க வேண்டும். காற்றுப் பட்டு உலர்ந்தால் அலுமினியம் பொடிந்து எழுத்து அழிந்துவிடும். நம் நாட்டுக் கடலில் காணப்படும் இத்தகைய பொருளைப் பற்றி மரபுடைமை ஆணையருக்கோ துறைமுக அதிகாரிக்கோ தெரிவிப்பது நல்லது. பழைய இரும்பு வியாபாரியிடம் கிலோ கணக்கில் விற்றுவிட்டால், யாரோ ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய ஒரே தகவல் அத்தோடு போய்விடும். எலும்போ துணியோ தென்பட்டால் தொடாமல் உடனே காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுவது நல்லது.